கன்சோலில் உட்கார யாருக்கு அனுமதி? ரோபோட்டிக் அறுவையில் ஒரு மூத்த மருத்துவரை மதிப்பிட்ட நிகழ்வு ஆய்வு

ஈரோடு வட்டாரத்தில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனைக்கு ரோபோட்டிக் அறுவை இயந்திரம் வந்தபோது, அதன் கன்சோலில், அதாவது மருத்துவர் உட்கார்ந்து இயந்திரக் கைகளை இயக்கும் இடத்தில், முதலில் உட்காரப்போவது யார் என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. சிறுநீரகப் பிரிவின் மூத்த மருத்துவர்தான். ஐம்பது வயதைத் தாண்டியவர். திறந்த அறுவையிலும், சிறு துளைகள் வழியே கேமராவும் கருவியும் விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பியிலும் கை தேர்ந்தவர். கோபி, பவானி, காங்கேயம் பக்கத்தில் இருந்தெல்லாம் அவர் பெயரைக் கேட்டுக்கொண்டு நோயாளிகள் வருவார்கள். இயந்திர நிறுவனம் நடத்திய பயிற்சியை முடித்து, சான்றிதழும் வாங்கியிருந்தார். முதல் நோயாளிக்குத் தேதி குறிப்பதுதான் பாக்கி என்று நிர்வாகம் நினைத்தது.

அந்த மருத்துவமனையில், எந்த மருத்துவர் எந்த அறுவையைச் செய்யலாம் என்று அனுமதி தரும் குழு ஒன்று உண்டு. மயக்க மருத்துவர் என்ற முறையில் நானும் அதில் உறுப்பினர். சான்றிதழ் மட்டும் போதாது, நாங்களே பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்று குழு சொன்னது. அதன் பிறகு என்ன செய்தோம், எதில் சிக்கினோம், கடைசியில் எதற்கு அனுமதி கொடுத்தோம் என்பதை இங்கே எழுதுகிறேன். அந்த மருத்துவரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அவர் பெயரும் மருத்துவமனையின் பெயரும் வேண்டாம்.

சான்றிதழ் எதைச் சொல்கிறது

நிறுவனம் தரும் பயிற்சி மோசமானது இல்லை. இணையவழிப் பாடம், கணினித் திரையில் அறுவையைப் பழகும் சிமுலேட்டர், பயிற்சிக்கூடத்தில் திசுவின் மேல் ஒத்திகை, அப்புறம் அனுபவம் உள்ள ஒருவர் மேற்பார்வையில் சில அறுவைகள். இயந்திரத்தை எப்படி இயக்குவது என்பதை இது நன்றாகவே கற்றுத் தருகிறது. ஆனால் அதை வைத்து ஒரு மனிதரின் புராஸ்டேட் சுரப்பியைப் பாதுகாப்பாக எடுக்க இவருக்குத் தெரியும் என்று அந்தச் சான்றிதழ் சொல்வதில்லை. சொல்லவும் முடியாது. அமெரிக்காவில் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2000ஆம் ஆண்டில் டாவின்சி என்ற ரோபோட்டிக் இயந்திரத்துக்கு அனுமதி கொடுத்தது. அந்த அனுமதி இயந்திரத்துக்குத்தான். அதை இயக்கும் மருத்துவரின் தகுதியைப் பார்ப்பது தன் வேலை இல்லை என்பதே அந்த அமைப்பின் நிலை. நம் நாட்டிலும் எம்.சி.எச். அல்லது டி.என்.பி. என்ற மேற்படிப்பை முடித்தவருக்கு ரோபோட்டிக்குக்கென்று தனி உரிமம் எதுவும் கிடையாது. அப்படியானால் பொறுப்பு யாருடையது? இயந்திரத்தை வாங்கி வைத்திருக்கும் மருத்துவமனையுடையதுதான்.

குழுவின் முதல் கூட்டத்தில் இரண்டு வெளிநாட்டு நிகழ்வுகளை முழுமையாகப் படித்தோம்.

முதலாவது, 2008இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பிரெமர்டன் ஊரில் நடந்தது. திறந்த முறையில் நல்ல அனுபவம் உள்ள சிறுநீரக மருத்துவர், மேற்பார்வையில் இரண்டு ரோபோட்டிக் புராஸ்டேட் அறுவைகளைச் செய்திருந்தார். அடுத்ததைத் தனியாகச் செய்தார். அந்த நோயாளியின் உடல் பருமன், தொடக்க நிலை மருத்துவர்களுக்கு நிறுவனமே சொல்லியிருந்த வரம்பைத் தாண்டியிருந்தது. வயிற்றில் ஏற்கெனவே அறுவை செய்த உடம்பு. நடுவில் திறந்த அறுவைக்கு மாற வேண்டியதாயிற்று. மலக்குடல் கிழிந்தது. சிக்கல் மேல் சிக்கலாகி, சில ஆண்டுகளில் அவர் இறந்தார். வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. இயந்திரத்தின் ஆபத்துகளை மருத்துவரிடம் மட்டும் சொன்னால் போதாது, வாங்கும் மருத்துவமனையையும் நிறுவனம் எச்சரிக்க வேண்டும் என்று 2017இல் தீர்ப்பு வந்தது. அப்படியென்றால், எச்சரிக்கையை வாங்கிக்கொண்ட மருத்துவமனை சும்மா இருக்க முடியாது என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.

இரண்டாவது, 2015 பிப்ரவரியில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தில் நடந்தது. இதயத்தின் மைட்ரல் வால்வை ரோபோட் வைத்துச் சரிசெய்யும் முயற்சி. அந்த நாட்டிலேயே அந்த வகையில் முதல் அறுவை அது. மேற்பார்வைக்கு வந்தவர்கள் நடுவிலேயே கிளம்பிவிட்டார்கள். கன்சோலில் இருந்து வந்த குரல் மற்றவர்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை. ரத்தம் தெறித்து கேமராவை மறைத்தது. நோயாளி சில நாட்களில் இறந்தார். 2018இல் விசாரணை நடத்திய அதிகாரி, ரோபோட் பயன்படுத்தியதும் சாவுக்கு ஒரு காரணம் என்று பதிவு செய்தார். புதிய தொழில்நுட்பத்தில் மருத்துவருக்கு எவ்வளவு பயிற்சி வேண்டும் என்பதற்கு அளவுகோலே இல்லை என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார்.

இரண்டு நிகழ்விலும் இயந்திரம் பழுதாகவில்லை. இரண்டு மருத்துவர்களும் தங்கள் பழைய முறையில் அனுபவம் உள்ளவர்கள். எங்கள் மூத்த மருத்துவரும் அப்படித்தான். அதனால்தான் எங்களுக்கு அது உறைத்தது.

அனுபவம் உள்ளவரை எதற்கு மறுபடி சோதிக்க வேண்டும் என்று நிர்வாகத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். கொங்குப் பகுதிக்கு இதில் ஒரு வரலாறு உண்டு. தென்னிந்தியாவில் லேப்ராஸ்கோப்பி வேரூன்றிய ஊர்களில் கோவை முக்கியமானது. டாக்டர் சி. பழனிவேலு போன்றவர்கள் அங்கே செய்து காட்டி, பிற ஊர், பிற நாட்டு மருத்துவர்களுக்கும் கற்றுக்கொடுத்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், உலகம் முழுக்க லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பை எடுக்கக் கிளம்பியவர்களில் பலர், திறந்த முறையில் பழுத்த அனுபவசாலிகள்தான். ஆனாலும் பித்தநாளக் காயங்கள் கூடின. நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறை 1992இலேயே, தனியாகச் செய்வதற்கு முன் மேற்பார்வையில் செய்திருக்க வேண்டும் என்று மருத்துவமனைகளுக்கு எழுத வேண்டி வந்தது. புதிய முறை வரும்போது பழைய அனுபவம் பாதிதான் கை கொடுக்கும்.

எண்ணிக்கையை நம்பலாமா

அடுத்து, எத்தனை அறுவை செய்தால் தகுதி வரும் என்ற விவாதம். இதற்கு ஒரு எண்ணைச் சொல்லிவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. இருபதா, நாற்பதா? அனுபவம் கூடக்கூடப் பலன் கூடும் என்பதில் ஐயமில்லை. திறந்த முறை புராஸ்டேட் அறுவையில் 72 மருத்துவர்கள், 7,765 நோயாளிகளை வைத்து 2007இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு இருக்கிறது. அதுவரை 10 அறுவை செய்திருந்தவரிடம் போன நோயாளிகளில் ஐந்து ஆண்டுக்குள் புற்றுநோய் திரும்பும் வாய்ப்பு 17.9 சதவீதம். 250 செய்திருந்தவரிடம் 10.7 சதவீதம். அதாவது கற்றுக்கொள்ளும் காலம் நாம் நினைப்பதைவிட மிக நீளம்.

ஆனால் எண்ணிக்கை சராசரியைத்தான் சொல்லும். முன்னால் உட்கார்ந்திருக்கும் இந்த ஒருவரைப் பற்றிச் சொல்லாது. 2013இல் மிச்சிகன் மாநிலத்தில் உடல் பருமன் அறுவை செய்யும் 20 மருத்துவர்கள் தங்கள் லேப்ராஸ்கோப்பி அறுவை வீடியோவை ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். செய்தவர் யார் என்று தெரியாமல் சக மருத்துவர்கள் மதிப்பெண் போட்டார்கள். திறன் மதிப்பெண்ணில் கடைசிக் கால்பகுதியில் இருந்தவர்களின் நோயாளிகளுக்குச் சிக்கல் 14.5 சதவீதம். முதல் கால்பகுதிக்கு 5.2 சதவீதம். எத்தனை ஆண்டு தொழிலில் இருக்கிறார் என்பதற்கும் திறனுக்கும் தொடர்பு தென்படவில்லை. இதைப் படித்த பிறகு, எண்ணிக்கைப் பட்டியல் கேட்பதோடு நிறுத்தாமல், கையைப் பார்த்தே ஆக வேண்டும் என்று குழு முடிவெடுத்தது.

சிமுலேட்டரும் கோழித்தோலும்

சிமுலேட்டரில் இத்தனை மணி நேரம் என்று விதிக்கவில்லை. நிபுணர்கள் எடுக்கும் மதிப்பெண்ணை ஒவ்வொரு பயிற்சியிலும் அடுத்தடுத்து இரண்டு முறை எட்ட வேண்டும் என்று வைத்தோம். சிலருக்கு அது ஒரு வாரத்தில் வரும், சிலருக்கு இரண்டு மாதம் ஆகும். நேரம், கையசைவின் தூரம், கருவிகள் மோதுவது, கருவி பார்வைக்கு வெளியே போவது, அதிக அழுத்தம் என்று இயந்திரமே கணக்கு வைக்கிறது.

மூத்த மருத்துவருக்கு முதல் பயிற்சிகள் எளிதாக வந்தன. ஆழம் கணிப்பதிலும் இரண்டு கையை ஒத்திசைப்பதிலும் லேப்ராஸ்கோப்பிக் கை உடனே தெரிந்தது. ஆனால் இரண்டு இடத்தில் அதே பழைய பழக்கம் குறுக்கே நின்றது.

ஒன்று, கேமரா. லேப்ராஸ்கோப்பியில் கேமராவைப் பிடிக்கப் பக்கத்தில் ஓர் ஆள் இருப்பார். மருத்துவர் கை போகும் இடத்துக்கு அவர் கேமராவைக் கொண்டுபோவார். இங்கே காலால் பெடலை அழுத்தி மருத்துவரே நகர்த்த வேண்டும். இவர் வேலையில் ஊன்றிப்போனால் கேமராவை நகர்த்த மறந்துவிடுவார். கத்தரி திரைக்கு வெளியே போய்விடும். சிமுலேட்டரில் அது ஒரு மதிப்பெண் குறைவு, அவ்வளவுதான். உடம்புக்குள் என்றால், மின்சாரம் பாயும் கத்தரி கண்ணுக்குத் தெரியாமல் குடலைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். அந்தத் துளை இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் காய்ச்சலும் வயிற்று வலியுமாக வெளியே தெரியும்.

இன்னொன்று, இழுவிசை. நாங்கள் வாங்கிய இயந்திரத்தில் கைக்கு உணர்வு வராது. திசு எவ்வளவு இழுபடுகிறது, நூல் எவ்வளவு விறைத்திருக்கிறது என்பது விரலுக்குத் தெரியாது. விசை உணரும் டாவின்சி 2024இல்தான் எஃப்.டி.ஏ. அனுமதி பெற்றது. புராஸ்டேட்டை எடுத்த பிறகு சிறுநீர்ப்பையையும் சிறுநீர்க்குழாயையும் இணைத்துத் தைக்கும் பயிற்சிக்குக் கோழித்தோலைக் குழாய்போல் சுருட்டி வைப்பார்கள். ஐரோப்பியப் பயிற்சி மையங்களிலும் இது உண்டு. நாமக்கல் பக்கத்தில் இருக்கும் நமக்குக் கோழிக்குப் பஞ்சமில்லை. இதற்கென்று தனியாக வைத்த கருவிகளை மட்டுமே பயன்படுத்தினோம், அவை ஒருநாளும் நோயாளி பக்கம் போகாது. மருத்துவர் மூன்றாவது முடிச்சை இறுக்கினார். நூல் பட்டென்று அறுந்தது. அடுத்ததில் நூல் நின்றது, தோல் கிழிந்தது. பல ஆண்டுகளாக முடிச்சின் இறுக்கத்தை விரலால் அறிந்தவர் அவர். இப்போது அதைக் கண்ணால் அறிய வேண்டும். நூலின் தொய்வு மறைகிற கணம், தோலின் நிறம் வெளுக்கிற கணம், இதையெல்லாம் பார்த்து நிறுத்தப் பழக வேண்டும்.

அந்த ஒத்திகையின் வீடியோவைப் பெயர், குரல் எதுவும் இல்லாமல் வெளியூரில் உள்ள மூன்று ரோபோட்டிக் மருத்துவர்களுக்கு அனுப்பினோம். கியர்ஸ் என்ற அளவுகோலில் மதிப்பெண் கேட்டோம். 2012இல் வெளிவந்த அளவுகோல் அது. ஆழக் கணிப்பு, இரு கை ஒத்திசைவு, சிக்கனமான அசைவு, விசைக் கட்டுப்பாடு, தன்னிச்சையாகச் செய்யும் திறன், இயந்திரக் கட்டுப்பாடு என்று ஆறு பிரிவு. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. முதல் இரண்டில் மூவருமே நல்ல மதிப்பெண் தந்தார்கள். விசையிலும் இயந்திரக் கட்டுப்பாட்டிலும் இருவர் 2 போட்டிருந்தார்கள்.

அதை அவர் முன் வைக்க எனக்கும் தயக்கமாகத்தான் இருந்தது. அந்த மருத்துவமனையில் பாதிப் பேருக்கு அவர் ஆசான். தாளை வாங்கிப் பொறுமையாகப் படித்தார். "லேப்ராஸ்கோப்பி கத்துக்கிட்ட காலத்துல என் கையை இப்படி யாரும் பார்த்துச் சொன்னதில்லைங்க. சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார். மறுநாளில் இருந்து ஓ.பி. முடிந்ததும் சிமுலேட்டர் அறைக்குப் போய்விடுவார். இரண்டாம் முறை அனுப்பிய வீடியோவில் அந்த இரண்டு பிரிவும் மேலே வந்திருந்தன. ஒரு மூத்தவர் இப்படி நடந்துகொண்டது எங்கள் மதிப்பீட்டில் எந்த மதிப்பெண்ணுக்கும் குறையாத எடை பெற்றது. பதிவேட்டிலும் எழுதினோம்.

தியேட்டர் ஒத்திகை

ஒரு மருத்துவரை மதிப்பிட அவரை மட்டும் பார்த்தால் போதாது என்று எனக்குப் புரிந்தது இந்த ஒத்திகையில்தான். சாதாரண அறுவையில் ஸ்க்ரப் நர்ஸ் மருத்துவரின் கண்ணைப் பார்த்தே அடுத்து என்ன வேண்டும் என்று அறிவார். ரோபோட்டிக்கில் மருத்துவர் அறையின் ஒரு மூலையில், கன்சோலுக்குள் முகத்தைப் புதைத்து உட்கார்ந்திருப்பார். அவர் முகம் யாருக்கும் தெரியாது. நோயாளியைச் சுற்றி நடப்பது அவருக்கும் தெரியாது. குரல் ஒன்றுதான் வழி.

நோயாளி இடத்தில் பொம்மையை வைத்து, இயந்திரக் கைகளைப் பொருத்தி, வேலை நடந்துகொண்டிருக்கும்போது நான் சத்தமாகச் சொன்னேன்: "இதயத் துடிப்பு நின்னுடுச்சு." கருவிகளை வெளியே எடுத்து, கருவி நுழையும் குழாயான போர்ட்டில் இருந்து இயந்திரக் கைகளை விடுவித்து, இயந்திரத்தைப் பின்னே தள்ளிய பிறகுதான் மேசையைச் சமப்படுத்தி நெஞ்சை அழுத்த முடியும். புராஸ்டேட் அறுவைக்குத் தலையைத் தாழ்த்திச் சாய்த்து வைத்திருப்போம். கைகள் பொருத்தியிருக்கும்போது மேசையை அசைத்தால் போர்ட் துளை கிழியும். அன்று கருவிகளில் ஒன்று திசுவைக் கவ்விய நிலையில் நின்றுவிட்டதாக வைத்துக்கொண்டோம். அதன் பிடியைக் கையால் விடுவிக்க ஒரு சிறிய சாவி உண்டு. அதைத் தேடினோம். பக்கத்து அறையில், நிறுவனத்தின் பெட்டிக்குள், பிரிக்காத உறையோடு இருந்தது. இப்போது அது இயந்திரத்தின் பக்கத்திலேயே தொங்குகிறது. ஒவ்வொரு அறுவைக்கும் முன் எண்ணும் பொருட்களில் அதுவும் ஒன்று.

இன்னொன்றையும் அன்று கண்டோம். இயந்திரத்தின் ஒரு கை பொம்மையின் தோளில் இடித்துக்கொண்டிருந்தது. ஸ்க்ரப் நர்ஸ் பார்த்துவிட்டார். "சார், கை இடிக்குதுங்க சார்" என்று சொல்லவும் சொன்னார், ஆனால் பக்கத்தில் நின்ற எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது. மூத்த மருத்துவரிடம் நிறுத்தச் சொல்ல அந்தப் பெண்ணுக்கு வாய் வரவில்லை. நம் ஊர் தியேட்டர்களை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. அதன் பிறகு ஒரு விதி வைத்தோம். யார் "நிறுத்துங்க" என்று சொன்னாலும், அட்டெண்டர் சொன்னாலும், கன்சோலில் இருப்பவர் கையை எடுத்துவிட்டு "நிறுத்திட்டேன்" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். காரணம் கேட்பது அப்புறம். அடுத்தடுத்த ஒத்திகைகளில், முன்னறிவிப்பு இல்லாமல், நர்ஸ்களையே மாற்றி மாற்றி நிறுத்தச் சொல்லவைத்தோம். மருத்துவர் எவ்வளவு சீக்கிரம் கையை எடுக்கிறார் என்பதையும் அவருடைய மதிப்பீட்டில் சேர்த்தோம்.

முதல் நோயாளிகள்

தொடக்க நோயாளிகளைத் தேர்ந்தெடுப்பதில் பிரெமர்டன் நிகழ்வு எங்கள் கண்முன்னே இருந்தது. அதிகப் பருமன், ஏற்கெனவே வயிற்று அறுவை, பெரிய புராஸ்டேட் இதெல்லாம் வேண்டாம். மேற்பார்வைக்கு வரும் ப்ராக்டர் கடைசித் தையல் முடிந்து கருவிகளைக் கழற்றும் வரை தியேட்டரில் இருக்க வேண்டும், அன்று இரவு ஊரிலேயே தங்க வேண்டும். சென்னையில் இருந்து வருபவர் இரவு ரயிலுக்கு டிக்கெட் போட்டிருந்தால் அறுவைத் தேதியை மாற்றுவோம். ப்ராக்டருக்கும் கன்சோலை வாங்கிச் செய்ய எங்கள் குழுவின் அனுமதி முன்கூட்டியே இருக்க வேண்டும். பார்க்க மட்டும் உரிமை உள்ளவர் ஆபத்து நேரத்தில் என்ன செய்வார்?

நோயாளியிடம் சொல்வது பற்றித்தான் நீண்ட விவாதம். சமிரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சிகிச்சை என்ன, ஆபத்து என்ன, வேறு வழி என்ன என்பதெல்லாம் தெரிந்து தருவதுதான் சம்மதம். மருத்துவரின் அனுபவத்தையும் சொல்ல வேண்டுமா? சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தன் உடம்பில் ஒருவர் கற்றுக்கொள்கிறார் என்றால் அதை அறிய அவருக்கு முழு உரிமை உண்டு.

காங்கேயம் பக்கத்து விவசாயி ஒருவர், மகனோடும் மச்சானோடும் வந்திருந்தார். மகன் கேட்டார்: "ஏனுங்க டாக்டர், இந்த மிஷின்ல நீங்க எத்தனை பேருக்குப் பண்ணியிருக்கீங்க?" மருத்துவர் மழுப்பவில்லை. "புராஸ்டேட்டுல உங்கப்பாவுக்குச் செஞ்சா மூணாவதுங்க. சென்னையில இருந்து பெரிய டாக்டர் ஒருத்தர் கூடவே இருப்பாருங்க. வயித்தைத் திறந்து செய்யறது நான் ரொம்ப வருசமாச் செய்யறேன். ரெண்டுல எது வேணும்னு வீட்ல பேசிட்டுச் சொல்லுங்க." அடுத்த வாரம் வந்து திறந்த முறையே போதும் என்றார்கள். மூத்த மருத்துவரே செய்தார், நல்லபடியாக முடிந்தது. நிர்வாகத்துக்கு வருத்தம்தான். இயந்திரத்தின் விலை அப்படி. சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் 2022இல் இந்த வசதியை அமைக்கச் சுமார் 35 கோடி ரூபாய் ஆனது. கருவி ஒவ்வொன்றையும் இத்தனை முறைதான் பயன்படுத்தலாம் என்ற கணக்கு வேறு. இயந்திரம் சும்மா நிற்கும் ஒவ்வொரு நாளும் பணம்தான். அந்தக் கணக்கை அனுமதிக் குழுவின் மேசைக்குக் கொண்டுவரக் கூடாது என்று எழுத்தில் கேட்டு வாங்கினோம். இவ்வளவு கேட்க எங்களுக்கு நியாயம் இருந்தது.

ஒரு சிறுநீரக அறுவையின்போது ரத்தக்கசிவு கட்டுப்படாமல், மருத்துவர் தாமதிக்காமல் கைகளைக் கழற்றச் சொல்லித் திறந்த அறுவைக்கு மாறினார். நோயாளி நலமாக வீடு திரும்பினார். மாறியதைத் தோல்வி என்று எண்ணக் கூடாது என்று குழுவில் முன்பே பேசி வைத்திருந்தது நல்லதாயிற்று. தோல்விக் கணக்கில் எழுதினால், அடுத்த முறை இன்னும் பத்து நிமிடம் முயன்று பார்க்கலாம் என்று தோன்றும். அந்தப் பத்து நிமிடம் ஆபத்தானது.

கொடுத்த அனுமதி

சிறுநீரகத்தை அகற்றுவது, சிறுநீரகத்தில் இருந்து வரும் குழாயின் அடைப்பைச் சரிசெய்வது இரண்டையும் தனியாகச் செய்ய அனுமதி கொடுத்தோம். புராஸ்டேட் புற்றுநோய் அறுவைக்கு ப்ராக்டர் உடன் இருந்தே ஆக வேண்டும், வீடியோ மதிப்பெண் நிலைத்த பிறகு மறுபடி பார்ப்போம் என்றோம். அனுமதி ஓர் ஆண்டுக்குத்தான். எல்லா அறுவையும் பதிவாகும், அதில் எதை வெளியூருக்கு அனுப்புவது என்று குழு எடுக்கும், மருத்துவர் எடுக்க மாட்டார். இரண்டு மாதம் கன்சோலைத் தொடவில்லை என்றால் சிமுலேட்டரில் பழைய மதிப்பெண்ணைக் காட்டிவிட்டுத்தான் நோயாளியிடம் போக வேண்டும். இந்தக் கடைசி விதி எங்கள் பகுதிக்கு மிக அவசியம். கோவை, ஈரோடு, சேலம் என்று ஊருக்கு ஊர் இயந்திரம் வந்தால், நோயாளிகள் பிரிந்து போவார்கள். ஒரு மருத்துவருக்கு மாதம் ஒன்றோ இரண்டோ அறுவைதான் கிடைக்கும். அந்த அளவில் கை பழகாது, பழகிய கையும் மறக்கும். அதற்கு அக்கம்பக்கத்து மருத்துவமனைகள் வீடியோக்களை மாற்றிக்கொண்டு ஒருவரை ஒருவர் மதிப்பிடலாம். நோயாளிகளை ஒரே இடத்துக்கு அனுப்பவும் செய்யலாம். முதலாவதற்கு ஒப்புக்கொள்கிறார்கள், இரண்டாவதைப் பேசவே யாரும் தயாராக இல்லை.

இப்போது இரண்டாவது விண்ணப்பம் குழுவின் முன் இருக்கிறது. இளம் மருத்துவர், ரோபோட்டிக்கிலேயே ஃபெல்லோஷிப் முடித்தவர். சிமுலேட்டரிலும் வீடியோவிலும் மூத்தவரைவிட மதிப்பெண் அதிகம். ஆனால் திறந்த முறையில் அவர் செய்தவை மிகக் குறைவு. ரத்தக்கசிவில் வயிற்றைத் திறக்க வேண்டி வந்தால் என்ன செய்வார் என்று கேட்டோம், மூத்தவரைக் கூப்பிடுவேன் என்றார். மூத்தவர் அன்று ஊரில் இல்லாவிட்டால்? அதனால் அவருக்குச் சோதனையைத் தலைகீழாக வைத்திருக்கிறோம். செவ்வாயும் வெள்ளியும் மூத்தவரின் திறந்த அறுவைகளில் அவர் எதிரே நிற்கிறார். அந்த வீடியோக்களும் பெயரில்லாமல் வெளியூருக்குப் போகின்றன. அவை வந்த பிறகுதான் கன்சோல் அனுமதியைப் பேசுவோம்.